ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஊர் வரலாற்று மன்றம் நடத்துவது எப்படி? தமிழ்நாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வரலாற்று மன்றம் தொடங்குவது பெரிய காரியமில்லை. அடுத்த ஆண்டும் அது நடக்க வேண்டுமே, சிக்கல் அங்கேதான். வழக்கமாக நடப்பது என்ன? முதல் மாதம் ஒரு பேராசிரியர் வந்து சோழர்களைப் பற்றிப் பேசுவார். இரண்டாம் மாதம் சங்க காலம். மூன்றாம் மாதம் வேன் பிடித்துத் தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயில் வாசலில் குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நாலாம் மாதம் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூட்டம் தள்ளிப்போகும். தள்ளிப்போனது போனதுதான்.

ஆர்வம் குறைந்ததால் இப்படி ஆவதில்லை. வந்தவர்களை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க வைப்பதால் ஆகிறது. அறுபதைத் தாண்டிய முப்பது பேர் ஓர் அறையில் உட்கார்ந்தால் அந்த அறையே ஓர் ஆவணக் காப்பகம். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு 1980-இல் ஒழித்தது. அன்று இருபத்தைந்து வயதில் கிராமக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. தந்தி அடித்த கைகள் இன்னும் நம்மோடு இருக்கின்றன. மீட்டர்கேஜ் ரயிலில் கார்டாகப் போனவர், ஏரி மதகைப் பழுதுபார்த்த பொதுப்பணித் துறைப் பொறியாளர், முப்பது ஆண்டு ஒரே தெருவில் தபால் கொடுத்தவர், ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிரசவம் பார்த்த செவிலியர் என்று இவர்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

ஆகவே ஒரே ஒரு விதியை இந்த வழிகாட்டி முழுக்கப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்: ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு பயணமும் முடியும்போது ஒரு பக்கமாவது எழுத்தில் மிஞ்ச வேண்டும்.

படி 1: எல்லையைக் குறுக்குங்கள்

மன்றத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன் எல்லையை முடிவு செய்யுங்கள். மாவட்டம் வேண்டாம், அது பெரிது. ஒரு பேரூர், அல்லது ஒரு வருவாய்க் கிராமமும் அதன் குக்கிராமங்களும், அல்லது நகரமாக இருந்தால் இரண்டு மூன்று வார்டுகள் போதும். நடந்து போய்ப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய பரப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லை சின்னதானால் கேள்விகள் கூர்மையாகும். "பாண்டியர் வரலாறு" என்று தொடங்கினால் நூல்களில் இருப்பதையே திருப்பிச் சொல்வோம். "நம் ஏரியின் கலிங்கு (உபரி நீர் வழிந்தோடும் அமைப்பு) எப்போது உயர்த்தப்பட்டது", "சந்தை ஏன் வெள்ளிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கு மாறியது" என்று கேட்டால் பதில் தேட ஊருக்குள்தான் போக வேண்டும். அந்தத் தேடலில் கிடைப்பது வேறு யாரிடமும் இருக்காது.

ஆண்டுக்கு ஒரு தலைப்பு எடுத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். முதல் ஆண்டுக்கு நீர்நிலைகளைச் சிபாரிசு செய்வேன். ஏரி, மடை, தூம்பு, வாய்க்கால் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. விவசாயி முதல் பொறியாளர் வரை எல்லாரிடமும் சொல்ல ஏதாவது இருக்கும். பெரிய சண்டையும் வராது. அப்புறம் பள்ளிகள், தெருப்பெயர்கள், சினிமாக் கொட்டகைகள், ரயில் நிலையம் என்று போகலாம்.

படி 2: ஆட்களும் இடமும்

தொடங்க ஏழெட்டுப் பேர் போதும், ஆனால் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. எட்டுப் பேரும் தமிழாசிரியர்கள் என்றால் மன்றம் மூன்றே மாதத்தில் இலக்கிய வட்டமாகிவிடும். வருவாய்த் துறையில் இருந்த ஒருவர், நில அளவையில் இருந்த ஒருவர், கைப்பேசியில் நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்த ஒருவர், கணக்கு எழுதும் பொறுமை உள்ள ஒருவர் என்று தேடிச் சேருங்கள். பெண்களை விழாவுக்கு மட்டும் அழைக்கும் வழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். வீடு, திருமணம், நோய், கடன், நகை, தண்ணீர் எடுத்த வழி ஆகியவற்றின் வரலாறு அவர்களிடம்தான் இருக்கிறது. மாலை ஆறு மணிக் கூட்டம் பல பெண்களுக்கு ஒத்துவராது. காலை பத்து மணி இருதரப்புக்கும் சரிப்படும்.

இடத்துக்குக் கிளை நூலகம், பள்ளி வகுப்பறை, ஓய்வூதியர் சங்கக் கட்டடம் என்று கேட்டுப் பாருங்கள். தரைத்தளமாக இருக்க வேண்டும், கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும், நாற்காலிக்குக் கைப்பிடி இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத மண்டபம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒலிபெருக்கி கட்டாயம். "எனக்குக் குரல் கனம், மைக் வேண்டாம்" என்பவரிடமும் மைக்கைக் கொடுங்கள், கடைசி வரிசையில் காது மந்தமான இருவர் எப்போதும் இருப்பார்கள். மாதத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். "இரண்டாம் சனி காலை பத்து மணி" என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அழைப்பிதழ்கூடத் தேவைப்படாது.

படி 3: பதிவும் பணமும்

முதல் ஆண்டில் பதிவு பற்றிக் கவலைப்படாமல் நோட்டுப் புத்தகத்தில் சந்தா எழுதிக்கொண்டு நடத்திப் பாருங்கள். நிலைத்து நிற்கும் என்று தெரிந்தபின், நன்கொடை வாங்க, மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க, பதிவு உதவும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். பதிந்துவிட்டால் ஆண்டுப் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் எல்லாம் தவறாமல் நடக்க வேண்டும். அதற்குப் பொறுப்பாக ஒருவர் இல்லாவிட்டால் பதிவே சுமையாகிவிடும்.

கணக்கு என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. அங்கே முதலாம் பராந்தகன் காலத்தில், 921-இல், வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த வாரிய (ஊர் நிர்வாகக் குழு) உறுப்பினர்களுக்கான தகுதிகளைச் சொல்கிறது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. அண்மையில் வாரியப் பொறுப்பு வகித்தவர்கள் மூன்று ஆண்டு இடைவெளி விட்ட பிறகே மீண்டும் வரலாம். வயதோ முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கடைசி விதியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் நம் மன்றத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: முதல் மூன்று கூட்டங்கள்

வெளியிலிருந்து யாரையும் அழைக்காதீர்கள். முதல் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவரட்டும். பத்திரம், ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக் குழுப்படம், படி, மரக்கால் எதுவானாலும் சரி. ஆளுக்கு ஐந்து நிமிடம். பேசத் தயங்குபவர்களும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டால் பேசிவிடுவார்கள். கொண்டுவந்த தாள்களை அங்கேயே கைப்பேசியில் படமெடுத்து அசலை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மன்றம் எக்காரணம் கொண்டும் அசலை வைத்துக்கொள்ளக் கூடாது. தொலைந்தால் பழி, வாரிசுத் தகராறு வந்தால் வழக்கு.

இரண்டாம் கூட்டத்தில் ஒரு பெரிய தாளில் ஊரின் வரைபடம் போடுங்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் எது எங்கே இருந்தது என்று எல்லாரும் சேர்ந்து குறிக்க வேண்டும். "அரிசி ஆலை தெற்கே இருந்தது", "இல்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்" என்று வாக்குவாதம் கிளம்பும். கிளம்பட்டும். எந்த இடத்தில் இருவர் முரண்படுகிறார்களோ அதைச் சிவப்பில் குறியுங்கள். அந்தச் சிவப்புப் புள்ளிகள்தான் முதல் ஆண்டின் ஆராய்ச்சிப் பட்டியல்.

மூன்றாம் கூட்டத்தில் இரண்டு உறுப்பினர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசட்டும். வாழ்க்கை வரலாறு வேண்டாம், வேலை நடந்த விதம் வேண்டும். சர்வே சங்கிலி எப்படிப் பிடிப்பது, அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) எந்தப் பத்தியில் என்ன எழுதுவது, சிக்னல் விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றுவது என்பது மாதிரி.

படி 5: பேச்சுகளை அமைப்பது

இதற்கப்புறம் வெளிப் பேச்சாளர்களை அழைக்கலாம். மூன்று கூட்டத்துக்கு ஒருவர் போதும். பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறை, மாவட்டத் தொல்லியல் அலுவலர், அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் என்று தேடுங்கள். அழைக்கும்போதே, "எங்கள் ஊரைத் தொட்டுப் பேச வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பொதுவான உரையை எங்கும் கேட்கலாம். நாற்பது நிமிடம் உரை, இருபது நிமிடம் கேள்வி. கேள்வி என்ற பெயரில் இன்னொரு உரை நிகழ்த்துபவர் எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு. அவருக்குத் தனியாக ஒரு கூட்டம் ஒதுக்கி அவரையே பேச வைப்பதுதான் அதற்கு வைத்தியம்.

ஒவ்வொரு உரையிலும் ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும். சுழற்சி முறையில் மாறட்டும். ஒரு பக்கம், தேதி, பேசியவர், சொன்ன செய்திகள், ஒவ்வொரு செய்திக்கும் ஆதாரம் என்ன என்று இருந்தால் போதும். "ஆதாரம்: பேசியவரின் பாட்டனார் சொன்னது" என்று எழுதுவதில் தப்பே இல்லை. ஆதாரத்தை எழுதாமல் விடுவதுதான் தப்பு.

படி 6: ஆவணங்களைத் தேடுவது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் மன்றத்தின் உண்மையான வேலை இதுதான்.

முதலில் ஒரு சூட்சுமம். உங்கள் ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது பழைய ஆவணங்களில் உதவாது. கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டம்; தருமபுரி 1965 வரை சேலம். மயிலாடுதுறை 2020 வரை நாகப்பட்டினம். நாகப்பட்டினம் 1991 வரை தஞ்சாவூர். திண்டுக்கல் 1985 வரை மதுரை. கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை, ஆகவே அவற்றின் பழைய தாள்களைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். இந்தப் படிநிலையை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அடுத்தது அச்சு நூல்கள். ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கையேடுகளும் விவரச்சுவடிகளும் (கெசட்டியர்) தொடக்கத்துக்கு நல்லவை. மதுரைக்கு நெல்சன் எழுதியது 1868-இல் வந்தது, பிரான்சிஸ் எழுதியது 1906-இல். தஞ்சாவூருக்கு ஹெமிங்வே 1906. திருநெல்வேலிக்கு பேட் 1917. இவை காப்புரிமை முடிந்த நூல்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் எழுதியவர்கள் வரி வசூல் செய்த அதிகாரிகள். பயிர், பாசனம், பஞ்சம், சாலை பற்றி அவர்கள் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். சாதிகளைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். தமிழ் நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

நேரில் போவதென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909 முதல் அங்கே இயங்கிவரும் பழைய மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ்தான் அது. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு, என்ன தேடுகிறோம் என்பதைத் தெளிவாக வைத்துக்கொண்டு போக வேண்டும். "எங்கள் ஊர் பற்றி எல்லாம் வேண்டும்" என்றால் யாராலும் உதவ முடியாது. "இன்ன தாலுகா, இன்ன கிராமம், 1858-க்குப் பிறகு நடந்த இனாம் (மானிய நில) விசாரணைப் பதிவேடு" என்று கேட்டால் வழி பிறக்கும். கோயில், மடம், சத்திரம், குளம் இவற்றுக்கு யார், எதற்காக நிலம் விட்டார்கள் என்று அந்த விசாரணையில் பதிந்திருக்கிறார்கள். அதே எழும்பூரில் கன்னிமாரா நூலகம் (1896), தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று தேடுபவர்கள் பின்னதைத் தவறவிடக் கூடாது.

உள்ளூரிலேயே கிடைப்பவையும் உண்டு. கிராம 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணும் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று இருக்கும். "குளம்" என்று பதிந்த எண்ணில் இன்று பேருந்து நிலையம் நிற்பதைப் பார்க்கும்போது ஒரு முழுக் கூட்டத்துக்கான தலைப்பு கிடைத்துவிடும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், தேவாலய ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகள், கூட்டுறவுச் சங்கத் தீர்மான நோட்டுகள், கல்லறைக் கற்கள், மைல்கற்கள், சுமைதாங்கிக் கற்கள் எல்லாமே ஆவணங்கள்தான். அரசு அலுவலகத்தில் தகவல் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. ஆனால் முதலில் நேரில் போய் மரியாதையாகக் கேளுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு எந்த அலுவலகத்திலும் ஒரு பழைய சகா இருப்பார்.

படி 7: தேதியைக் கண்டுபிடிப்பது

பழைய பத்திரத்தைக் கையில் எடுத்ததும் எல்லாரும் தடுமாறுவது தேதியில்தான். சில சூத்திரங்களை உறுப்பினர்கள் அனைவருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலை முதல் தேதி தொடங்கும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. சக ஆண்டோடு 78. தென்மாவட்டங்களில் காணப்படும் கொல்லம் ஆண்டோடு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்கு மேல் 825.

தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. தாது வருடம் என்றால் 1876, 1936, 1996 மூன்றுமே இருக்கலாம். பத்திரமானால் முத்திரைத்தாளைப் பாருங்கள்: விக்டோரியா தலை இருந்தால் 1876, ஜார்ஜ் தலை இருந்தால் 1936. ஊரில் "தாது வருஷப் பஞ்சம்" என்று யாராவது சொன்னால் அது 1876-78 பெரும் பஞ்சம்.

ரூபாய், அணா, பைசா கணக்கும் ஒரு தடயம். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. தேதியில்லாத ஒரு ரசீதில் புதுக் காசுக் கணக்கு இருந்தால் அது அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை.

படி 8: கல்வெட்டு படிப்பது

ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் உறுப்பினர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். நீங்களே படிக்க முயல்வதற்கு முன், ஏற்கெனவே படித்தாகிவிட்டதா என்று பாருங்கள். இந்தியத் தொல்லியல் துறை 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்வாரியாகச் சுருக்கம் கொடுத்துவருகிறது. முழு வாசகங்கள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் 1890 முதல் வெளிவருகின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறையும் மாவட்டவாரியாக வெளியிட்டிருக்கிறது. புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழைப் பார்க்க வேண்டும். அச்சான வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒப்பிட்டுப் படிப்பதுதான் எழுத்துப் பழகச் சுலபமான வழி.

எந்த மன்னன் என்று தெரிய, கல்வெட்டின் முகப்பில் மன்னனைப் புகழும் மெய்க்கீர்த்தியின் தொடக்கம் உதவும். "திருமகள் போல" என்றால் முதலாம் இராசராசன், "திருமன்னி வளர" என்றால் முதலாம் இராசேந்திரன். "மதுரை கொண்ட கோப்பரகேசரி" என்பது முதலாம் பராந்தகன். "யாண்டு" என்பதை அடுத்து வரும் எண் ஆட்சியாண்டு. இராசராசன் அரியணை ஏறியது 985. ஆகவே அவனுடைய இருபத்தைந்தாம் ஆட்சியாண்டு 1009-1010. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குப் பொன் வேய்ந்த கலசம் கொடுத்தது அந்த ஆண்டில்தான். பாண்டியர் கல்வெட்டுகளில் இந்தக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். மாறவர்மன், சடையவர்மன் என்று மாறி மாறிப் பெயர், ஒரே பெயரில் பலர், ஒரே காலத்தில் சிலர். அதை நிபுணரிடம் விட்டுவிடுவது நல்லது.

செய்யக் கூடாதவை முக்கியம். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய், சாக்பீஸ் எதையும் தடவக் கூடாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் அல்லது சுவரை ஒட்டினாற்போல் பிடித்த டார்ச் வெளிச்சம் போதும், எழுத்து எழுந்து நிற்கும். மைப்படி எடுப்பது, அதாவது எழுத்தை மை தடவித் தாளில் நகலெடுப்பது, பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்யும் வேலை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கின்றன.

நடுகல்லோ (இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல்) சிலையோ பானை ஓடோ கண்ணில் பட்டால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, படம், இடம், அளவு குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடைக்கும் பொருட்களை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. நடுகல்லை வண்டியில் ஏற்றி மன்ற வாசலில் நட்டுவைக்கும் ஆசை சிலருக்கு வரும். இடத்தை விட்டுப் பெயர்த்ததும் அந்தக் கல் பாதி செய்தியை இழந்துவிடுகிறது.

படி 9: பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்வது

"அந்தக் காலத்துல எப்படி இருந்தது?" என்று கேட்டால், "அதெல்லாம் பொற்காலம்" என்ற பதில்தான் வரும். "பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியா நடந்து போனீங்க? வழியில யார் வீடு இருந்தது? செருப்பு உண்டா?" என்று கேளுங்கள். பதில் தானாக நீளும். ஆண்டு நினைவில்லாதவர்களுக்குப் பெரிய நிகழ்ச்சிகளைக் கொக்கியாகக் கொடுக்கலாம்: 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு முன்பா, பின்பா? இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த 1965-இல் நீங்கள் எந்த வகுப்பு? நெருக்கடி நிலை வந்தபோது கல்யாணம் ஆகிவிட்டதா?

பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், வயது ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லிவிடுங்கள். யார் யார் கேட்கலாம், எழுதி வெளியிடலாமா என்று சம்மதம் வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, களைத்துவிடுவார்கள். இருவர் போங்கள், ஒருவர் கேட்க, ஒருவர் கருவியைக் கவனிக்க. மருமகளும் பேரனும் நடுவில் புகுந்து, "தாத்தா, அது அப்படி இல்ல" என்று திருத்துவார்கள். தடுக்காதீர்கள், அதையும் பதியுங்கள்.

படி 10: பயணங்கள்

இரண்டு வகைப் பயணம் வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை ஊருக்குள் ஒரு மணி நேர மரபு நடை, காலை ஆறரைக்கு. ஒரு தெரு, ஓர் ஏரிக்கரை அவ்வளவே. வெளியூர்ப் பயணம் ஆண்டுக்கு இரண்டு மூன்று போதும், அதுவும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வைத்துக்கொண்டால் வெயில் தொல்லை இல்லை. சித்திரை வைகாசியில் பாறை மேல் யாரையும் ஏற்றாதீர்கள்.

ஒரு நாளுக்கு இரண்டு இடம். மூன்றாவது இடம் சேர்த்தால் எதையும் பார்த்ததாகாது. ஏற முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் ஒரே இடத்தில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். சித்தன்னவாசல் இதற்கு நல்ல உதாரணம். சமணர் படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ள ஏழடிப்பட்டத்துக்குக் குன்றேறி, பாறை விளிம்பை ஒட்டி நடந்து போக வேண்டும். முட்டி வலி, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். ஓவியங்கள் உள்ள அறிவர் கோயிலுக்கு அவ்வளவு சிரமமில்லை. குழுவை இரண்டாகப் பிரித்துவிட்டு, பிற்பகலில் எல்லாரும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் ஒன்றுசேரலாம். கிழமையைக் கவனிக்க வேண்டும், அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி விடுமுறை. கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நாலு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்று யோசிக்காமல் போட்ட திட்டம் மரத்தடியில் முடியும்.

இருவர் ஒரு வாரம் முன்பே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். வண்டி எதுவரை போகும், எத்தனை படி, கைப்பிடிக் கம்பி உண்டா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பக்கத்து மருத்துவமனை எது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன அட்டை இருக்கட்டும்: பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது. வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுங்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் யாராவது இருந்தால் அந்த வேலையைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார்.

போவதற்கு முந்தைய கூட்டத்தில் அந்த இடம் பற்றி ஓர் உரை. வந்த பிறகு அடுத்த கூட்டத்தில் ஆளுக்கு ஒரு படம், ஒரு கேள்வி.

படி 11: சண்டை வரும் இடங்கள்

சாதி, கோயில் உரிமை, நில எல்லை ஆகிய மூன்றும் எந்த ஊரிலும் உண்டு. "எங்கள் முன்னோர் கட்டியது" என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள். மன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தார் சொல்வதையும் ஆதாரத்தோடு பதிந்துவிட்டு நகருங்கள். வழக்கில் இருக்கும் சொத்து பற்றி மன்றத்தின் பெயரில் கடிதமோ சான்றோ கொடுக்கவே வேண்டாம். ஊரில் சேரி என்றும் காலனி என்றும் ஒதுக்கப்பட்ட தெருக்களின் வரலாறு இல்லாமல் ஊர் வரலாறு எழுதினால் அது பாதி ஊரின் வரலாறுதான். அந்தத் தெருக்களிலிருந்து உறுப்பினர்கள் இல்லையென்றால், ஏன் வரவில்லை என்று மன்றம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப் குழு ஒன்று தேவைப்படும். அதில் காலை வணக்கமும் அரசியலும் "பகிருங்கள்" செய்திகளும் கிடையாது என்று முதல் நாளே எழுதிப் போடுங்கள். தமிழர் பெருமை பேசும் ஆதாரமற்ற செய்திகள்தான் வரலாற்று ஆர்வலர்களை அதிகம் ஏமாற்றுபவை.

படி 12: எழுதியதை எங்கே வைப்பது

ஆண்டு முடிவில் பன்னிரண்டு கூட்டக் குறிப்புகளும் பயணக் குறிப்புகளும் கையில் இருக்கும். அவற்றைத் தொகுத்து முப்பத்திரண்டு பக்கச் சிற்றேடாக்குங்கள். பளபள தாள் வேண்டாம், படத்துக்குக் கீழே எப்போது, எங்கே, யார் எடுத்தது என்ற விவரம் இருந்தால் அதுவே பெரிது. கிளை நூலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் கன்னிமாராவுக்கும் ஊர்ப் பள்ளிகளுக்கும் பிரதி கொடுங்கள். உரிமைச் சிக்கல் இல்லாத படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும்: ஆண்டு, மாதம், நாள், இடம், பொருள். எல்லாம் ஒருவர் கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு வெளி வட்டுகளில் வைத்து இரண்டு வெவ்வேறு வீடுகளில் கொடுங்கள். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுத் தலைவரிடமும் செயலாளரிடமும் ஒவ்வொன்று இருக்கட்டும். நம் வயதில் இதைப் பேசத் தயங்கக் கூடாது. மன்றம் கலைந்தால் சேகரிப்பு எந்த நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதை விதிகளிலேயே எழுதி, அந்த நூலகத்தின் சம்மதக் கடிதத்தையும் முன்கூட்டியே வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள்.